ஒரே தண்ணீருக்கு மூன்று உப்பு

மேசையில் உயரமான கண்ணாடி ஜாடி. அதில் என் தம்பியின் கடல்மீன் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர். பக்கத்தில் மூன்று கருவிகள். மிதக்கிற கண்ணாடி ஹைட்ரோமீட்டர் 1.023 என்றது (நல்ல தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம்), அட்டவணையில் பார்த்தால் அது ஆயிரத்துக்கு முப்பதரை. கண்ணில் வைத்துப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் 38 என்றது. தண்ணீரில் நுனியை முக்கினால் எண் காட்டும் மின் பேனா 33 என்றது.

“இதில எது அண்ணே சரி?” என்று கேட்டான்.

மூன்றும் தப்பு. அந்தத் தண்ணீரின் உப்பு 35. அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் முதன்முதலாகக் கடல்மீன் தொட்டி வைக்கிறவர்கள் மீன், விளக்கு, ஃபில்டர் எல்லாவற்றையும் பத்து பேரிடம் விசாரித்து வாங்குகிறார்கள். உப்பு அளக்கிற கருவியை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி, அது சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். தம்பியும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

அவன் கொல்லங்கோட்டில் இருக்கிறான், நான் களியக்காவிளையில். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கே ‘வெள்ளம்’ என்றுதான் பேர், வெளியூர்க்காரர்கள் பதறுவார்கள். தொட்டி வாங்கியதும் அவன் இரண்டு கேன்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனான். கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பு வாங்கிக் கலக்குவானேன் என்ற நினைப்பு. அது ஐப்பசி. நாலு நாளாக மழை. அவன் தண்ணீர் மொண்டது பொழிமுகத்துக்குப் பக்கத்தில், அதாவது குழித்துறை வழியாக வருகிற தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில். இரண்டு மூன்று நடை போய்த் தொட்டியை நிறைத்து, திருவனந்தபுரத்தில் ஒரு கடையிலிருந்து இரண்டு கோமாளி மீனும் ஒரு நட்சத்திர மீனும் வாங்கி வந்து விட்டான். கோமாளி மீன்கள் ஒரு நாள் சோர்ந்து கிடந்துவிட்டு எழுந்துகொண்டன. நட்சத்திர மீன் கைகள் துவண்டு, மூன்றாம் நாள் கரைய ஆரம்பித்தது. பின்னால் அளந்து பார்த்தபோது தொட்டியின் உப்பு 24 இருந்தது. ஏறக்குறைய இரண்டு பங்கு கடலும் ஒரு பங்கு ஆறும் கலந்த தண்ணீர்.

மீன் பிழைத்ததற்கும் நட்சத்திர மீன் செத்ததற்கும் காரணம் உண்டு. எலும்புள்ள கடல்மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, கடலின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெளியே கூடினாலும் குறைந்தாலும் செவுளும் சிறுநீரகமும் வேலை செய்து உள்ளே சமாளித்துக்கொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்த வசதி இல்லை. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவு. வெளித்தண்ணீர் சட்டென்று நீர்த்துப்போனால் அதன் உடம்பும் நீர்த்துப்போகும்.

சரி, 35 என்றால் என்ன?

ஒரு கிலோ கடல்நீரை எடுத்தால் அதில் 35 கிராம் கரைந்த உப்புகள், மீதி 965 கிராம் தண்ணீர். இதை ஆயிரத்துக்கு 35 என்றோ, கடைக்காரர்கள் சொல்கிற மாதிரி 35 பி.பி.டி. என்றோ சொல்லலாம். திறந்த கடலின் சராசரி அது. நம் கரையில் எப்போதும் அதே எண் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அரபிக்கடலில் ஆவியாவது அதிகம், விழுகிற ஆறு குறைவு, அதனால் உப்பு கூடுதல். வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி என்று பெரிய ஆறுகள் எல்லாம் விழுவதால் உப்பு குறைவு. குளிர்கால நீரோட்டம் அந்த இளகின நீரை இலங்கையைச் சுற்றிக் கொண்டுவந்து நம் கேரளக் கரைப் பக்கம் சேர்க்கிறது. நாம் இருப்பது இரண்டுக்கும் நடுவில்.

‘உப்புகள்’ என்று பன்மையில் சொன்னதைக் கவனியுங்கள். கரைந்ததில் 55 சதவீதம் குளோரைடு, 30 சதவீதத்துக்குச் சற்று மேல் சோடியம். இவை இரண்டும் சேர்ந்தால் நம் சமையல் உப்பு. மீதியில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் வரும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 தண்ணீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். எந்தக் கடலானாலும் மொத்த உப்பு கூடும் குறையும், ஆனால் இந்தச் சரக்குகளுக்குள் இருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்பது உறுதியானது. நமக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. விகிதம் மாறாததால் எல்லாவற்றையும் தனித்தனியாக அளக்க வேண்டாம். தண்ணீரின் ஏதாவது ஒரு குணத்தை அளந்தால் மொத்த உப்பையும் கணக்குப் போட்டுவிடலாம்.

நம்மிடம் இருக்கும் மூன்று கருவிகளும் அதைத்தான் செய்கின்றன. ஹைட்ரோமீட்டர் அளப்பது தண்ணீரின் கனத்தை. ரிஃப்ராக்டோமீட்டர் அளப்பது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை. மின் பேனா அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடந்து போகிறது என்பதை. உப்பை நேரடியாக அளப்பது மூன்றில் ஒன்றுகூட இல்லை. வேறொன்றை அளந்து, ‘அப்படியானால் உப்பு இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று ஊகிக்கின்றன. ஊகத்தின் நடுவே வெப்பமோ, காற்றுக்குமிழோ, தவறான அளவுகோலோ புகுந்தால் எண் மாறிவிடும்.

இங்கே ஒரு சின்ன விலகல். ‘அப்படியானால் புத்தளத்துக் கல்லுப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் கடல் ஆகிவிடாதா?’ என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மணக்குடிக் காயல் பக்கம் புத்தளம் உப்பளங்கள் இருக்கின்றன, விலையும் மலிவு. ஆனால் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது எல்லா உப்பும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து, அப்புறம் ஜிப்சம், அதற்கப்புறம் தண்ணீர் 25 டிகிரியைத் தொடும்போதுதான் நாம் சாப்பிடுகிற உப்பு. (அந்த டிகிரி வெப்பம் இல்லை. போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1768இல் வகுத்த அடர்த்தி அளவு. சாதாரணக் கடல்நீர் அதில் மூன்றரை டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். உப்பளத்தில் அதை அளப்பதும் ஒரு மிதவை ஹைட்ரோமீட்டர்தான்.) மக்னீசியம் பெரும்பாலும் கடைசிவரை படியாமல், மிஞ்சுகிற கசப்பு நீரோடு வெளியே போய்விடும். ஆக, கல்லுப்புத் தண்ணீருக்கு நீங்கள் எத்தனை துல்லியமாக 35 வைத்தாலும் அது கடல் ஆகாது. கருவி எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. தொட்டிக்கென்று விற்கிற கடலுப்புக் கலவையை வாங்குங்கள். கலவையைக் கொட்டியதும் அளக்காதீர்கள். தண்ணீர் தெளிந்து, காற்று போட்டுச் சில மணி நேரம் ஓடிய பிறகு அளந்தால்தான் எண் நிற்கும்.

இனி மூன்று கருவிகள் எப்படித் தப்பின என்று பார்ப்போம்.

ஹைட்ரோமீட்டர் எளிய சாமான். கனமான தண்ணீரில் அது கூடுதலாக மேலே மிதக்கும், லேசான தண்ணீரில் அமிழும். உப்பு கூடினால் தண்ணீர் கனக்கும். ஆனால் தண்ணீரின் கனம் உப்பால் மட்டும் மாறுவதில்லை, சூட்டாலும் மாறும். சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும். அதனால் ஒவ்வொரு ஹைட்ரோமீட்டரும் ஏதோ ஒரு வெப்பநிலைக்கென்று செய்யப்பட்டிருக்கும். தம்பியுடையதன் உள்ளே இருந்த காகிதத்தை டார்ச் அடித்துப் படித்தோம். 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 15.6 செல்சியஸ். களியக்காவிளையில் எந்த மாதத்தில் தண்ணீர் 15 டிகிரிக்கு வரும்? அவன் தொட்டி 29இல் இருக்கிறது. சரியான 35 உப்புள்ள தண்ணீரே அந்தச் சூட்டில் அந்தக் கருவியில் 1.023தான் காட்டும். கருவி பழுதில்லை, ஊர்தான் சூடு. இது தெரியாமல் ‘உப்பு குறைச்சல்’ என்று நினைத்து 1.026 வரும்வரை அள்ளிப் போட்டால் நிஜ உப்பு 39ஐத் தொட்டுவிடும். கணக்கு எளிது: 0.001 ஏறினால் ஆயிரத்துக்கு 1.3 ஏறும்.

25 டிகிரிக்கென்று செய்த ஹைட்ரோமீட்டரும் கிடைக்கிறது, நமக்கு அது தோது. அதில் 25 டிகிரித் தண்ணீரில் 35 உப்புக்கு 1.0264 வரும். மற்றபடி தொட்டிக்குள்ளே அலையில் ஆட விட்டுப் படிக்காமல் ஜாடியில் எடுங்கள். தண்டைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் ஒட்டியிருக்கும் குமிழ்கள் விலகும். தண்ணீர் தண்டை ஒட்டி ஏறுகிற விளிம்பைப் படிக்காமல், கீழே சமமாக இருக்கிற மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊசி ஆடுகிற வகை ஒன்று விற்கிறார்கள். ஊசியில் ஒரு குமிழ் ஒட்டினால் போதும், எண் ஏறிவிடும். காய்ந்த உப்பு படிந்தால் இன்னொரு எண். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ரிஃப்ராக்டோமீட்டர்தான் வீட்டுத் தொட்டிக்கு என் சிபாரிசு. ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான், ஏனென்றால் பார்க்கும்போது அவ்வளவு நம்பிக்கை தருகிறது. சாய்வான கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மூடியை மெதுவாகச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. கோடு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எண் தப்பாக இருக்கும் என்று மனசு ஒப்புவதில்லை.

கடையில் கிடைக்கிற பல ரிஃப்ராக்டோமீட்டர்கள் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காகச் செய்தவை. கடலுப்புக் கலவை, அதே எடைச் சமையல் உப்பைவிட ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கும். அதனால் 35 உள்ள கடல்நீரை அந்த வகைக் கருவி முப்பத்தாறரை என்று படிக்கும். பெட்டியோடு வருகிற தாளில், சுத்தத் தண்ணீர் விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்தினால் போதும் என்று எழுதியிருப்பார்கள். பூஜ்யம் சரியாக இருந்தாலும் 35இல் ஒன்றரை பிசகும். தம்பி பூஜ்யத்தைக்கூடச் சரிபார்க்கவில்லை. அது ஒன்றரை, இது ஒன்றரை, ஆக 38.

தராசின் முள்ளை வெறுந்தட்டில் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது, படிக்கல்லை வைத்தும் பார்க்க வேண்டும். உப்பு அளப்பதில் படிக்கல் என்பது, உப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்த ஒரு தண்ணீர். கடலாய்வுக்காரர்கள் இதற்காகவே கண்ணாடிக் குப்பியில் அடைத்து மூடிய நிர்ணயக் கடல்நீரை வைத்துக்கொள்கிறார்கள். வெகுகாலம் அது கோபன்ஹேகனிலிருந்து வந்ததால் ‘கோபன்ஹேகன் தண்ணீர்’ என்றே அதற்குப் பேர். நமக்கு அவ்வளவு வேண்டாம். 35 என்று எழுதிய சிறு புட்டி கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அடுக்களையில் செய்துகொள்ளலாம்.

நாங்கள் செய்தது இப்படி. சித்தி காபிக்கு வைத்திருந்த சின்ன வாணலியைக் கேட்டு வாங்கி, அதில் தூள் உப்பைப் போட்டுச் சிறு தீயில் ஈரம் போக வறுத்து ஆறவிட்டோம். கல்லுப்பு வேண்டாம், அதில் ஈரமும் மக்னீசியமும் ஒட்டியிருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று வாங்கினோம். தேவையான அளவு: 36.5 கிராம் உப்பும் 963.5 கிராம் தண்ணீரும். சமையலறை எடைக் கருவி அரை கிராமைக் காட்டாது என்பதால் இரட்டித்துக்கொண்டோம், 73 கிராம் உப்பு, 1927 கிராம் தண்ணீர். தண்ணீரையும் எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அளவுக் குவளை நம்பத்தக்கதல்ல. நன்றாகக் கரைத்து, இறுக மூடும் பாட்டிலில் ஊற்றினோம்.

இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு, 35 உப்புள்ள கடல்நீர் வளைக்கும் அளவுக்குச் சமம். 36.5 போட்டுவிட்டு ஏன் 35 என்கிறோம் என்பதற்கான விடை மேலே சொன்னதுதான். சொட்டு விட்டுப் பார்த்தான், 38 காட்டியது. கருவியின் மேலே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி 35இல் கொண்டுவந்து நிறுத்தினான். துடைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை வைத்தான். கோடு 35இல் நின்றது.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த அடுக்களைக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும். மின் பேனாவையோ ஹைட்ரோமீட்டரையோ இதை வைத்துச் சரிபார்த்தால் தப்பாகப் போகும், ஏனென்றால் சமையல் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதும் தண்ணீரைக் கனக்கச் செய்வதும் வேறு கணக்கு.

ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம். தானாக வெப்பத்தைச் சரிசெய்யும் என்று அதன்மேல் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் ஒரு ஈருலோகப் பட்டை சூட்டுக்கேற்ப வளைந்து அளவைத் தள்ளிக் கொடுக்கிறது. பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான் அதற்குப் பொறுப்பு. சித்திரையில் நம் வீடு அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே படிக்கல் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கருவி மூன்றும் ஒரே அறையில் அரை மணி நேரம் இருந்த பிறகு, அடுத்தடுத்து அளந்துவிட வேண்டும். பைக் பெட்டியில் வெயிலில் வந்த கருவியை அப்படியே எடுத்துப் பார்க்கக் கூடாது. சொட்டு விட்ட பிறகு அரை நிமிடம் பொறுங்கள், ஆனால் அதற்கு மேல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்று சொட்டு வற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வற்ற வற்ற எண் ஏறும். முந்தின தடவை கழுவிய சுத்தத் தண்ணீர் சொட்டுக்குழாயில் மிச்சமிருந்தால் எண் இறங்கும். அளந்து முடித்ததும் நல்ல தண்ணீரால் துடைத்து வையுங்கள்.

மின் பேனா கதை வேறு. கருவி நல்லது, 35 உப்புள்ள கடல்நீருக்கு 25 டிகிரியில் 53 மில்லிசீமென்ஸ் (மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு) என்பது அதன் கணக்கு. அதே 53 என்று எழுதிய கரைசலில் முக்கிச் சரிசெய்ய வேண்டும். தம்பி அதைச் செய்துமிருந்தான். ஆனால் அந்தப் பாட்டிலை மூடி சரியாகத் திருகாமல் இரண்டு மாதம் ஜன்னலோரம் வைத்திருந்தான். தண்ணீர் வற்றிக் கரைசல் கெட்டியாகிவிட்டது. கெட்டியான தண்ணீரைக் காட்டி ‘இதுதான் 53’ என்று பேனாவுக்குச் சொல்லிக்கொடுத்தால், நிஜமான 35ஐப் பார்க்கும்போது அது 33 என்றுதான் சொல்லும். படிக்கல்லே தேய்ந்தால் தராசு என்ன செய்யும். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா இதற்கு உதவாது. அது பத்து லட்சத்துக்குச் சில ஆயிரங்களோடு நின்றுவிடும், கடல்நீர் 35,000.

அளந்த எண்ணைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். தம்பி தொட்டி 120 லிட்டர், சூட்டுக்காக மேலே ஒரு சின்ன விசிறி ஓடுகிறது, நாளுக்கு இரண்டு லிட்டர் போகிறது. மூன்று நாள் விட்டால் 35 என்பது 36.8 ஆகிவிடும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். முதல் மாதம் அவன் கடல்நீராலேயே நிரப்பினான். இரண்டு லிட்டர் கடல்நீரில் 70 கிராம் உப்பு, மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல். 24இல் ஆரம்பித்த தொட்டி ஒரு மாதத்துக்குள் 35ஐத் தாண்டிப் போனதற்கு அதுதான் காரணம். தற்செயலாக, நாங்கள் அளக்க உட்காருவதற்கு முந்தின வாரம் தண்ணீர் மாற்றியதில் சரியான இடத்துக்கு வந்திருந்தது. இப்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறான். தினமும் காலையில் அந்தக் கோடுவரை ஆர்.ஓ. தண்ணீர். கருவியே இல்லாமல் பாதி வேலை அதில் முடிந்துவிடுகிறது.

உப்பைத் திருத்த வேண்டி வந்தால் நாளுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற வேகம் போதும். 32ஐ 35 ஆக்க, சில நாள் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றி, தினமும் அளந்து பார்த்துக்கொண்டே போகலாம். கடையிலிருந்து புதிதாக மீனோ நட்சத்திர மீனோ கொண்டுவந்தால், கடைப் பையின் தண்ணீரையும் ஒரு சொட்டு அளந்துவிடுங்கள். கடைகளில் மருந்துச் செலவைக் குறைக்க உப்பைக் குறைத்து வைப்பதுண்டு. பையில் 28, தொட்டியில் 35 என்றால் காற்றுக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்க வேண்டும். நட்சத்திர மீனுக்கு மணிக்கணக்கில்.

போன வாரம் போனபோது பேனாவுக்குப் புதுக் கரைசல் வந்திருந்தது. சரிசெய்த பிறகு 35.1 காட்டுகிறது, ரிஃப்ராக்டோமீட்டரும் 35. ஹைட்ரோமீட்டர் இன்னமும் 1.023தான். தூக்கிப் போட்டிருப்பான் என்று நினைத்தேன். இல்லை, தொட்டி எப்போதும் 29 டிகிரியில் இருப்பதால், அதன் தண்டில் 1.023 இருக்கிற இடத்தில் அழியாத மார்க்கரால் ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறான். மீன்களுக்குத் தீனி போடுகிற சித்திக்கு எண் எதுவும் தெரிய வேண்டாம், கோடு தண்ணீர் மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.